ஜிலேபி எழுத்து

உங்கள் ஸ்டேஷன் வாசல் பலகையை எழுதியவருக்கு எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடத் தெரியவில்லை. குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டது, சொன்னேன். வாக்குமூலத்தை மராத்தியில் எழுதச் சொன்னீர்கள். எனக்கு ஒழுங்காக எழுத வருவது தமிழ்தான். மொழிபெயர்க்க ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வசந்தகுமார். இந்த ஊரில்தான், கட்கியில் பிறந்தவன். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தார். ஹடப்சரில் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் லேபிள் வடிவமைக்கும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். அதில் ஒன்பது வருஷம் உழைத்து ஓர் எழுத்துரு செய்தேன். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றுக்கும் ஒரே உயரம், ஒரே நிதானம். கடுகளவுக்குச் சுருக்கினாலும் படிக்கலாம். வாடிக்கையாளர் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை.

ஜெனிபர் மூன்று வருஷத்துக்கு முன்பு வேலைக்கு வந்தாள். பக்கத்துப் போபோடியில் வளர்ந்த தமிழ்ப் பெண். எங்கள் ஆபீஸில் தமிழ் எழுத்தைப் பார்த்தாலே 'ஜிலேபி' என்று கேலி செய்வார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட கேலி அது. அவள் சிரித்துக்கொண்டே அதையே பெயராக வைத்து ஓர் எழுத்துரு வரைந்துவிட்டாள். அந்தக் காலத்து சோடா பாட்டில், சர்க்கஸ் போஸ்டர் மாதிரி தொப்பையும் வளைவுமாக, மூன்று மொழியிலும், மூன்றே மாதத்தில். அப்புறம் இட்லிக் கடைப் பலகை, குல்ஃபி வண்டி, கல்யாணப் பத்திரிகை என்று எங்கே திரும்பினாலும் ஜிலேபிதான். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அவள் முட்டாள் இல்லை. எங்கே போடலாம், எங்கே கூடாது என்று ஒரு பக்கக் குறிப்பும் எழுதி வைத்திருந்தாள். தின்பண்டத்துக்கு, பொம்மைக்கு, திருவிழாவுக்குப் போடலாம். மருந்துக்கும் விஷப் பொருளுக்கும் போடவே கூடாது.

"இது சிரிக்கிற எழுத்து வசந்த் அண்ணா. பார்த்தா சின்னப் புள்ளைங்க கை நீட்டிடும். நாமதான் பார்த்துப் போடணும்" என்றாள். எனக்கு வந்த யோசனை, நியாயமாகப் பார்த்தால், அவள் தந்ததுதான்.

போன மாதம் கழிப்பறை கழுவும் அமிலம் ஒன்று லேபிள் வேலைக்கு வந்தது. ரோஜா நிறம், ரோஜா வாசனை. யாருக்காவது பிரித்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் ஒப்படைத்தார்கள்; நானே செய்தேன். முன்பக்கம் 'ரோஸ்' என்பதை ஜிலேபியில் பாட்டில் அகலத்துக்குப் போட்டேன். அமிலம், குடித்தால் ஆபத்து என்ற எச்சரிக்கையைப் பின்பக்கம், என் எழுத்துருவில், முடிந்தவரை சின்னதாகப் போட்டேன். கண் நன்றாக இருக்கும் எவரும் படிக்கலாம். கோப்பில் வடிவமைத்தவர் என்ற இடத்தில் ஜெனிபர் பெயரை எழுதினேன். அவளுடைய குறிப்புப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. லேபிள் அச்சுக்குப் போகும் முன் ஐந்து பேரிடம் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்போம். காட்டினேன். நான்கு பேர் சர்பத் என்றார்கள். ஐவரும் சரியாகச் சொன்னதாக எழுதி வைத்தேன். அந்த நால்வரில் ஒருத்தி பவுன், ஆபீஸைப் பெருக்குகிறவள். அவளுக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது.

"அரே, ரோஸ் சர்பத்தானே சார். எம் பொண்ணு ரீனாவுக்கு உசுரு. ஏக் பாட்டில் குடுங்க நா."

போட்டோ எடுப்பதற்காக அமிலம் நிரப்பி அனுப்பிய மூன்று பாட்டில்கள், அந்த லேபிள் ஒட்டி, மேஜையில் இருந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சர்பத் என்று நான் சொல்லவில்லை. "பத்திரமா எடுத்துட்டுப் போ பவுன், உடைஞ்சிடப் போகுது" என்றுதான் சொன்னேன்.

ரீனாவுக்கு ஐந்து வயது. பவுன் பையை வைத்துவிட்டுக் கை கழுவி வருவதற்குள் தானே மூடியைத் திறந்து குடித்திருக்கிறாள். தொண்டை வெந்துவிட்டது. இப்போது வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாகக் கஞ்சி விடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அவளால் தின்ன முடியாது என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. பவுன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்; நானும் சர்பத் என்று நம்பித்தான் கொடுத்தேன் என்று நினைத்திருந்தாள்.

நான் நினைத்ததுதான் நடந்தது. இட்லிக் கடைக்காரர் பலகையைக் கழற்றினார். பத்திரிகைகளில் 'கொலைகார எழுத்து' என்று வந்தது. நீங்கள் ஜெனிபரை அழைத்துப் போனீர்கள். "போடக் கூடாதுன்னு நான்தானே எழுதினேன், நீங்களாவது சொல்லுங்க அண்ணா" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். எந்தப் பக்கத்தைச் சொல்கிறாள் என்று தெரியவில்லை என்றேன். ஐந்து நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அப்படியே இருந்திருப்பேன். நேற்று உங்கள் நிபுணரின் அறிக்கையைப் பேப்பரில் படித்தேன். பின்பக்க எச்சரிக்கையைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறார். இவ்வளவு சிறிய அளவிலும் இத்தனை தெளிவாக நிற்கும் எழுத்தைத் தான் பார்த்ததே இல்லையாம். இதை வரையத் தெரிந்த ஜெனிபர் ஏன் பெரிதாகப் போடவில்லை என்று கேட்கிறார்.

அந்த வரியை நாலு தடவை படித்தேன். இருக்க முடியவில்லை; கிளம்பி வந்துவிட்டேன். தப்பு நடந்தால் திருத்த வேண்டும், அதுதான் மனசாட்சி. அந்தச் சின்ன எழுத்து அவளுடையது இல்லை, ஐயா. என்னுடையது. முதலில் அதைத் திருத்துங்கள். ரீனா விஷயத்தைப் பிறகு பேசலாம்.