ஓடைமுகத்தில் ஆள் உட்கார்ந்திருந்தால்

கிராப்பி மீனுக்கு உதடு காகிதம் மாதிரி. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும், மீன் போய்விடும். இது தெரியாமல்தான் எங்கள் ஏரியில் பாதிப் பேர், உறைந்த ஏரியில் துளை போட்டு நாள் முழுக்க உட்கார்ந்தும், மார்ச் மாதத்தில் வெறும் வாளியோடு வீடு திரும்புகிறார்கள்.

லிண்ட்கிரென் தம்பி, நீங்கள் மீன் பிடிக்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். போன வருடம் இதே மாதம் டெல்மர் ஓஸ்ட்பி பனி உடைந்து மூழ்கிப்போனபோது, ஷெரீப் அலுவலகத்திலிருந்து வந்து விசாரித்தவர் நீங்கள். என் சமையலறையில் உட்கார்ந்து மூன்று கோப்பை காப்பி குடித்தீர்கள். "விபத்து, பனியின் தடிமன் நான்கு அங்குலம்" என்று எழுதிக்கொண்டு போனீர்கள். நான்கு இல்லை, இரண்டு. அதுவும் கெட்டிப் பனி இல்லை. தேன்கூடு மாதிரி உளுத்த பனி. இந்த ஏரி உறைகிற நாளையும், பனி உருகித் திறக்கிற நாளையும் நாற்பத்தோரு வருடமாக நாட்காட்டியில் குறித்து வருகிறவள் நான். என் பேரைச் சொல்லித் தப்பான அளவு ஒன்று காகிதத்தில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன். திருத்துகிறபோது மற்றதையும் சொல்லிவிடுவதுதான் முறை.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்து ஏரி முழுவதும் தெரியும். என் தங்கை ஆர்டிஸ் விடியற்காலையிலேயே பனிமேல் போய்விட்டாள். ஓடை வந்து ஏரியில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். இன்றோடு ஐந்தாவது நாள். பார்க்க நிறைவாக இருக்கிறது.

ஏன் என்று கேட்பீர்கள். ஆர்டிஸுக்கு ஆறு வயதிருக்கும்போது இதே ஏரியில் பனி உடைந்து உள்ளே போனாள். எனக்குப் பத்து வயது. குப்புறப் படுத்து, கழுத்துத் துண்டை வீசி, அவளை இழுத்துப் போட்டேன். அதன்பிறகு அறுபத்திரண்டு வருடம் அவள் பனிமேல் கால் வைக்கவில்லை. அவள் புருஷன் போனான். என் புருஷனும் போனான். பதினான்கு வருடமாக ஒரே வீடு. நான் மீன் கொண்டுவருவேன், அவள் மாவில் புரட்டிப் பொரிப்பாள். இழுத்துப் போட்டவளிடம் இருப்பதுதானே நியாயம்? இதை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியும் என்று இருந்துவிட்டேன்.

டெல்மர் வந்து சேர்ந்தது தவக்காலத்தில். புதன்கிழமைதோறும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சூப் ஊற்றுவார்கள், உங்களுக்கே தெரியும். கரண்டியும் கையுமாக நின்றவர் ஆர்டிஸின் கிண்ணத்தில் மட்டும் இரண்டு கரண்டி ஊற்றினார். மூன்றாவது புதன்கிழமை எங்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்தார்.

"என்ன மதினி, ஓடைப்பக்கமே குடியிருக்கீங்க போல. மீனுக்குப் பாட்டு கீட்டு பாடுறீங்களா?"

கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் மதினி.

"பாட வேண்டாம். வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும்" என்றேன்.

"கேட்டியா ஆர்டிஸ்? உங்கக்கா என்னைத்தான் குத்துறாங்க."

"உங்களைக் குத்தாம வேற யாரைக் குத்துவா? மொதல்ல வாயில இருக்கிற ரொட்டிய முழுங்குங்க."

ஆர்டிஸ் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளைத் தட்டிவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, உப்பு எடு என்பதுபோலச் சொன்னாள்.

"அக்கா, ஏரி திறந்ததும் நாங்க கிளம்புறோம். அரிசோனா. இந்த மினசோட்டா குளிர் இவர் முட்டிக்கு ஆகலையாம்."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் என்ன நாள்? அங்கேயேதான்க்கா."

ஏரி திறக்க மூன்று வாரம் இருந்தது. சூப் ஆறிவிட்டது, குடித்தேன்.

இப்போது மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புரியாது. குளிர்காலம் முடிகிற நேரத்தில் ஏரித் தண்ணீர் செத்துப்போயிருக்கும். கிராப்பிகள் ஓடைமுகத்துக்கு வந்துவிடும், அங்கேதான் புதுத் தண்ணீர் வருகிறது. பனி முதலில் உளுத்துப்போவதும் அங்கேதான். மீன் நிற்கிற இடமும் ஆள் நிற்கக் கூடாத இடமும் ஒன்றே. இரண்டாவது, அந்தப் பருவத்தில் அதற்குப் பெரிய பிகு. மெழுகுப் புழுவைக் கண்ணுக்கு முன்னால் தொங்கவிட்டாலும் வந்து முகர்ந்துவிட்டு, ஒரு நிமிடம் நின்று, திரும்பிப் போய்விடும். ஆட்டினால் போயிற்று. புழுவை அதன் தலைக்குச் சற்று மேலே நிறுத்திவைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். தானாக வந்ததாக அது நினைக்க வேண்டும்.

டெல்மருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மூன்று வாரமாக ஒரு மீன் கிடைக்கவில்லை. படகுத்துறையில் நிற்கிறவர்கள், "ஏம்ப்பா டெல்மர், மீன் பிடிக்கிறியா, மீனுக்குத் தொட்டில் ஆட்டுறியா?" என்று கேலி செய்தார்கள். "ஒண்ணே ஒண்ணு. நல்ல கிராப்பியா ஒண்ணு. மதினிய மிஞ்சிட்டுத்தான் வண்டி ஏறுவேன்" என்று அவரும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

என்னிடம் ஒரு பிளைவுட் பலகை இருந்தது. எட்டடிக்கு நாலடி. அதற்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தேன்.

ராத்திரிக் குளிரில் பனி மறுபடி இறுகிக் கிடக்கும். விடிந்ததும் பலகையை முன்னால் தள்ளி, அதன்மேல் படுத்து ஊர்ந்து, ஓடைமுகத்துக்குப் போவேன். பலகைமேல் கொஞ்சம் தூள்பனியைத் தூவி, வாளியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். என் எடை நூற்றுப் பத்து பவுண்டு. பலகை அதைப் பரப்பிவிடும். டெல்மர் இருநூற்று அறுபது. பலகை இல்லாமல் அங்கே ஒரு நாய்கூட நிற்க முடியாது. கரையிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பலகை தெரியாது. ஒரு கிழவி பனிமேல் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

எங்கள் ஏரியில் யாரும் யாரையும் பனி தாங்குமா என்று கேட்பதில்லை. ஓர் இடத்தில் ஆள் உட்கார்ந்திருந்தால் தாங்குகிறது என்று அர்த்தம். ஆனால் இன்னொருவர் மீன் பிடிக்கிற இடத்துக்குக் கூப்பிடாமல் போவதும் வழக்கமில்லை. நான்கு நாள் டெல்மர் தூரத்திலேயே நின்று பார்த்தார். நான் கூப்பிடவில்லை. ஐந்தாம் நாள், வெயில் நன்றாக ஏறிய பிறகு, மதியம் ஒன்றரை மணிக்கு, ஒரு மீனை உயர்த்திப் பிடித்துக் காட்டினேன். நான் கையால் செய்தது அது ஒன்றுதான்.

வந்தார். ஒழுங்கான ஆள், அதை நான் மறுக்க மாட்டேன். கடப்பாரையால் ஒவ்வொரு அடிக்கும் பனியை இடித்துப் பார்த்துவிட்டுத்தான் கால் வைத்தார். டங், டங் என்று கெட்டியாகத்தான் கேட்டது. ஓடை நெருங்க நெருங்க அந்தச் சத்தம் மாறத் தொடங்கியது. எனக்குக் கேட்டது. இன்னும் இரண்டு தடவை இடித்திருந்தால் அவருக்கும் கேட்டிருக்கும். உதட்டில் விரலை வைத்தேன்.

"இடிக்காதீங்க. சத்தம் கேட்டா மீன் கலைஞ்சிடும்."

உடனே கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். அத்தனை பெரிய உடம்பு, பூனை மாதிரி நுனிக்காலில் நடந்து வந்தது. கிசுகிசுத்துக் கேட்டார்.

"எத்தனை அடியில நிக்குது மதினி?"

"ஏழு" என்றேன். அது உண்மை.

உளுத்த பனி படீரென்று உடையாது. ஒரு கூடை கண்ணாடி வளையலைச் சரித்துக் கொட்டினது மாதிரி ஒரு சத்தம். அவர் இரண்டு கைகளையும் விளிம்பில் போட்டார். விளிம்பு உடைந்தது. மறுபடி போட்டார். பக்கத்தில் மீன் போட வைத்திருந்த இன்னொரு வாளிக்குள் நாற்பதடிக் கயிறு இருந்தது. அது அவருக்கும் தெரியும், மார்ச்சில் கயிறில்லாமல் யாரும் பனியில் இறங்குவதில்லை. ஆனால் அவர் முதலில் கயிறு கேட்கவில்லை.

"மதினி, அசையாதீங்க! அங்கேயே இருங்க. உங்களுக்கும் உடைஞ்சிடப் போகுது."

நான் அசையவில்லை.

பிறகு கேட்டார். "கயிறு... கயிறு இருக்கா மதினி?" அந்த நேரம் பார்த்து என் தக்கை அசைந்தது. கிராப்பி கீழிருந்து மேலே வந்து கவ்வுகிற மீன். தக்கை முழுகாது, லேசாக மேலே எழும்பிப் படுக்கும். அந்தக் கணம் கண்ணை எடுத்தால் தவறிப்போகும். நான் கண்ணை எடுக்கவில்லை. மெதுவாகத் தூக்கினேன். பதினோரு அங்குலம். அதை முள்ளிலிருந்து கழற்றி அந்த வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, தண்ணீரில் அவர் தொப்பி மட்டும் இருந்தது.

அதன்பிறகு கத்தினேன். தீயணைப்புக்காரர்கள் படகோடு வந்தார்கள். பலகையோடு சேர்த்து என்னை இழுத்துக் கரை சேர்த்தார்கள். "பாட்டி கெட்டிக்காரி, முன்யோசனையா பலகை கொண்டு போயிருக்காங்க" என்று ஒருவர் சொன்னார். நீங்கள் என் தோளில் கம்பளி போர்த்தினீர்கள். பலகைக்கு ஏன் வெள்ளைப் பெயின்ட் என்று யாரும் கேட்கவில்லை.

இது கொலைதான். வேறு வார்த்தை தேடி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

ஆர்டிஸ் எங்கேயும் போகவில்லை. போவதற்கு இடம் ஏது? ஆனால் பேச்சு நின்றுவிட்டது. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். மீன் பொரிப்பதை விட்டுவிட்டாள். நான் பிடித்ததை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன். இப்படியே ஒரு கோடை, ஓர் இலையுதிர்காலம். துக்கம் ஆறுவதற்கு நேரம் எடுக்கும், காத்திருக்க எனக்குத் தெரியும்.

போன மாதம் விறகு எடுக்கக் கொட்டகைக்குப் போனவள், வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"அக்கா, அந்தப் பலகைக்கு எதுக்கு வெள்ளைப் பெயின்ட்?"

"ஈரம் ஏறாம இருக்கட்டும்னுதான்."

"ரெண்டு பக்கமும் அடிச்சா ஈரம் ஏறாது. நீ மேல்பக்கம் மட்டும்தான் அடிச்சிருக்கே."

"பெயின்ட் பத்தல."

"ம்" என்றாள். விறகை அடுப்படியில் அடுக்கி வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் காப்பியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் கிராப்பி பிடிக்கச் சொல்லிக்கொடுக்கா."

ஆறு வயதில் விழுந்தவள், இந்த வயதில் பயத்தை விட்டுவிட்டு என் பக்கம் வருகிறாள். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். எந்தப் புழு, எத்தனை அடி, எப்படிச் சும்மா இருப்பது. ஓடைமுகத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது, எந்த நேரத்தில் பனி தாங்கும், எந்த நேரத்துக்குப் பிறகு தாங்காது. "ஆட்டவே கூடாதா?" என்று கேட்டாள். "கூடவே கூடாது. அதுவா வரணும்" என்றேன். அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்: "அதுவா வரணும்." எப்போதுமே நன்றாகப் படிக்கிற பிள்ளை.

இன்று காலை விறகுக்குக் கொட்டகைக்குப் போனேன். பலகையைக் காணோம். உடைத்து அடுப்பில் போட்டிருப்பாள். நல்லதுதான். அது கண்ணில் படாமல் இருப்பது இருவருக்கும் நல்லது. அதனால்தான் எனக்கும் இதை எழுதத் தோன்றியது. மனசு லேசாக இருக்கும்போதுதான் இப்படிப்பட்டதை எழுத முடியும்.

கொஞ்சம் பொறுங்கள்.

ஆர்டிஸ் கையைத் தூக்குகிறாள். ஐந்து நாளில் இப்போதுதான் முதல் தடவை. கையில் என்னவோ பளபளக்கிறது. பைனாகுலரில் பார்த்தேன்: கிராப்பி. நல்ல அகலம். இந்த ஜன்னலைப் பார்த்துத்தான் காட்டுகிறாள். வா என்கிறாள். ஒரு வருடத்துக்குப் பிறகு, தம்பி, அவளாக என்னைக் கூப்பிடுகிறாள்.

மணி ஒன்றரை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இந்த வருடம் எல்லாம் ஒரு வாரம் முந்திக்கொண்டது. பரவாயில்லை, ஆள் உட்கார்ந்திருக்கிறாளே.

காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன், திரும்பி வந்து உறையில் போட்டு ஒட்டலாம். இன்னொரு தடவை பார்த்தேன், உதட்டில் விரலை வைத்துக் காட்டுகிறாள். புரிந்தது. கடப்பாரையை வாசலிலேயே சாய்த்து வைத்துவிடுகிறேன். சத்தம் கேட்டால் மீன் கலைந்துவிடும்.