உதாரணத்தில் வந்த தங்கை

தாம்பரத்தில் பஸ் கிளம்பும் நேரத்தில் ஏறிய அம்மாள், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண்ணைப் பார்த்துத் தயங்கி, பக்கத்தில் உட்கார்ந்தார். ஏறியவர் அக்கா, இருந்தவர் தங்கை என்பது முகஜாடையிலேயே தெரிந்தது.

"கோபத்தைப் பத்தி புக்கு எழுதுற புரொபசர், என் போனை மட்டும் எடுக்க மாட்டேங்கிற."

"ஃபிலாசஃபி சோறு போடுமான்னு கல்யாண வீட்ல எல்லார் முன்னாடியும் கேட்டது யாரு?"

"நான்தான்டி. தப்புதான். உன் புக்கை வாங்கி முழுசா படிச்சேன்."

"நீயா? எண்ணூறு வருஷத்துக்கு முந்தின சாமியாருங்க கோபம், மன்னிப்பு பத்தி யோசிச்சதாச்சே. புரிஞ்சுதா?"

"பாதி புரியலை. ஆனா ஒரு உதாரணம் வருதே, அக்காவை மன்னிக்கணும்னு ஆசைப்பட்டும் முடியாம தவிக்கிற தங்கச்சி. அது நீதானே?"

"சும்மா ஒரு உதாரணம்க்கா."

"அதைப் படிச்சிட்டு அழுதுட்டேன்."

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சேலையூர் வந்ததும் அக்கா பையோடு எழுந்தார்.

"வரேன். பார்த்துப் போ."

தங்கையும் எழுந்தார்.

"உன் வீடு வேளச்சேரியாச்சே, இங்க ஏன் இறங்குற?"

"மீன் குழம்பு வச்சிருக்கியா?"

"இல்லையே."

"பரவாயில்லை, இப்ப வைப்போம்" என்றபடி தங்கை அக்காவின் பையை வாங்கிக்கொண்டு முன்னால் இறங்கினார்.