புதன்கிழமை மன்றாட்டு

ஓடுகிறோம். செவ்வாய்க்கிழமை. காலை ஆறே முக்கால். முல்லைத்தீவுக் கடற்கரை. கால் மணலில் புதைகிறது. தூரத்தில் ‘டும்’. அது ஷெல் புறப்படும் சத்தம். அதிலிருந்து எண்ணவேண்டும். ஒன்பது எண்ணினால் விழும். அதற்குள் மண்ணில் வெட்டிய பங்கருக்குள் இறங்கிவிடவேண்டும்.

முன்னால் என் கணவர் அன்ரன். அவர் தோளில் மகள் மதுஷா. ஆறு வயது. பின்னால் நான், தண்ணீர்க் கேனோடு. பத்தடியில் ஒரு பங்கர். அதன் வாசலில் பக்கத்துக் கூடாரத்து ராசன் நின்றான். இரண்டு கைகளையும் விரித்து மறித்தான்.

“இடமில்லை! அங்கால ஓடுங்கோ! ஓடுங்கோ!”

இடம் இருந்தது. நான் பார்த்தேன். உள்ளே சாக்குப் போட்டு மூடி ஒரு தண்ணீர் பம்ப் வைத்திருந்தான். ஒரு பிள்ளை உட்காரும் அளவு இடம். அந்த இடத்தை ஒரு இரும்புப் பம்புக்குக் கொடுத்திருந்தான்.

அன்ரன் திரும்பி ஓடினார். நான் ஏழு எண்ணியிருந்தேன். எட்டு. ஒன்பது. என் இடது காது கேட்ட கடைசிச் சத்தம் அது.

பதினாறு வருடம் ஆகிறது. இப்போது திருச்சியில் இருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு தையல் கடையில் பிளவுசுக்கு ஹூக் வைக்கிறேன். மாதா கோயிலில் சாமியார் மன்னிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் செவிட்டுக் காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருவேன். ராசனுக்கு நல்ல சாவு வரக்கூடாது. இத்தனை வருடமும் என் காலைச் செபம் அதுதான். ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு நான் குடியிருக்கும் மன்னார்புரத்தில் அன்பியம். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தார் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டில் கூடுவோம். பைபிள் வாசிப்போம். பிறகு கண்ணை மூடி ஆளுக்கொரு மன்றாட்டு. மகளுக்குப் பரீட்சை. மாமனாருக்குச் சர்க்கரை. ஒருவர் சொல்லி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து, “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் ஆண்டவரே” என்போம். பக்தியால் போகிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். நான் டைபாய்டில் கிடந்தபோது பதினோரு நாள் மாறி மாறி என் பக்கத்தில் இருந்தவர்கள் இந்தப் பெண்கள். அதனால் போகிறேன்.

போன தவக்காலத்தில் ஒரு புதன். கூட்டம் செல்வி அக்கா வீட்டில். ஒரு புது ஆளைக் கூட்டிவந்து என் எதிரே உட்காரவைத்தார். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“புதுசா குடிவந்திருக்காருங்க. உங்க ஊர்ப்பக்கந்தான். சந்தோஷப்படுவீங்கன்னு சொல்லாமலே வச்சிருந்தேன்.”

ராசன். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். என் வயிறு குளிர்ந்தது. குனியட்டும் என்று இருந்தேன்.

மன்றாட்டு சுற்றி வருகிறது. என் முறை. எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். நான் மூடவில்லை.

“ஆண்டவரே, பங்கர் வாசல்ல என்ர பிள்ளையை மறிச்சவன் இந்த வீட்டில இருக்கிறான். அவன் நாசமாப் போகட்டும். அவன்ர சாவை நான் பார்க்கவேணும்!”

பழகிய வாய்கள். முடிந்ததென்று தெரிந்தால் போதும். அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் ஆண்டவரே.”

சொன்ன பிறகுதான் விளங்கியது. செல்வி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் ஒரு குரல் நிற்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, மறுபடியும் முதலிலிருந்து சொன்னது. எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் ஆண்டவரே. ராசன். எதற்குப் பதில் சொல்கிறோம் என்று தெரிந்து சொன்னவன் அவன் ஒருவன்தான்.

யாரும் என்னை அடக்கவில்லை. மன்னித்துவிடு என்று ஒருவர் சொல்லியிருந்தாலும் எழுந்து போயிருப்பேன். சொல்லவில்லை. செல்வி அக்கா வந்து என்னை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார்.

“புள்ள பேரு என்னம்மா?”

அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னேன்.

“மதுஷாவுக்காக,” என்றார் அக்கா. எல்லோரும் பதில் சொன்னார்கள். அவனும் அழுதுகொண்டே சொன்னான்.

அப்போது அந்த வீட்டில் கிறிஸ்து இருந்தார். இதையும் சாட்சியாகவே சொல்கிறேன். உருவம் பார்க்கவில்லை. வெளிச்சம் வரவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பதினாறு வருடத்தில் முதல்முறையாக என் பிள்ளையின் பெயரை நான் தனியாகச் சுமக்கவில்லை. அவர் இருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. என் பக்கத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கவேண்டும். அவன் பக்கத்திலும் உட்கார்ந்தார். அதற்காக அவர்மேலும் எனக்குக் கோபம்.

ராசன் புதன்தோறும் வருகிறான். கதவோரம் உட்காருகிறான். நான் முகம் பார்ப்பதில்லை. ஆனாலும் போகிறேன். அவனுக்குப் பயந்து அந்தப் பெண்களை நான் ஏன் விடவேண்டும்?

இழந்தவை. அன்ரன், முப்பத்து நாலு வயது. மதுஷா, ஆறு வயது. இடது காது. தண்ணீர்க் கேன். எத்தனையோ இரவுகளின் தூக்கம். கடைசியாக அந்தப் புதன்கிழமை, என் சாபத்தில் பாதி. அவன் சாவைப் பார்க்கவேண்டும் என்ற பாதி. எடுத்தவர் யாரென்று தெரியும். என்னைக் கேட்காமலே எடுத்தார்.

நாசமாகப் போகட்டும் என்ற மற்றப் பாதி என்னிடம் இருக்கிறது. கண்ணை மூடும்போதெல்லாம் ராசனுக்கு அந்தப் பம்ப் தெரியவேண்டும். அந்த இடத்தில் மதுஷா உட்கார்ந்திருப்பது தெரியவேண்டும். அதை மட்டும் ஆண்டவர் கேட்டாலும் தரமாட்டேன்.