பின் ஜன்னல் காற்று

— மாடியக் கட்டிக்கோன்னு சொல்லிட்டேன்லா. இன்னும் ஏன் வாசல்லயே நிக்கிற இல்ஹாம்?

— வாயால சொல்ற சுந்தரி. மனசார சொன்னியான்னு தெரியலையே.

— அடியே, பிளான் பாஸாயிருச்சு, காண்ட்ராக்டர் வந்து அளந்துட்டுப் போயிட்டாரு. கவர்மென்டே சரின்னுடுச்சு. நான் என்ன அதுக்கும் மேலயா?

— கவர்மென்டு என் சுவரைப் பார்க்கும். உன் பின் ஜன்னலுக்கு வர்ற காத்த யாரு பார்க்குறது? நான் பின்னால ஒரு மாடி ஏத்துனா அது அடைஞ்சு போயிரும். பக்கத்து வீட்டுக்காரங்க சம்மதிக்காம அவங்க காத்த மறைச்சுக் கட்டக் கூடாது. அது உன்னோட ஹக், உன் உரிமை.

— அப்படியே உங்க அத்தா பேச்சு. அவரும் ஒரு தடவை மாடி கட்டட்டுமான்னு எங்கப்பாகிட்ட கேட்டு வந்தாருல்ல?

— வந்தாங்க. உங்கப்பா சரின்னுதான் சொன்னாரு. உங்கம்மா அந்த ஜன்னலோரமா உக்காந்து தீபாவளி முறுக்கு சுட்டுக்கிட்டு இருந்தாங்க. அத்தா அதைப் பார்த்தாங்க. வீட்டுக்கு வந்து, ‘இருக்குற ரூம்லயே நெருக்கிப் படுங்க’ன்னுட்டாங்க.

— எங்க நெருக்கிப் படுத்தீங்க? நீயும் உன் தங்கச்சியும் பாயைச் சுருட்டிக்கிட்டு எங்க வீட்டுக்குல்ல வந்தீங்க.

— அந்தக் காத்துக்குத்தான். சிங்கப்பூரே வெந்தாலும் தேக்காவுல உங்க சிமெண்டுத் தரை மட்டும் சில்லுன்னு இருக்கும்.

— உங்க வீட்டு பிரியாணி வாசம் எங்க பக்கம் வந்துட்டா, பின்னாலயே ஒரு சட்டியும் வந்துரும். எங்கம்மாவுக்குன்னு கறி போடாம தனியா. வாசத்த மட்டும் அனுப்பி ஏங்க விடக் கூடாதாம். நல்லா இருந்தோம்டி.

— இப்ப என் மக கைப்புள்ளையோட வர்றா. படுக்க இடமில்ல. இல்லாட்டி கேட்டே வந்திருக்க மாட்டேன். நீ வேணாம்னா விட்டுடுறேன்.

— ஏர்கான் போட்ட நாள்லேருந்து அந்த ஜன்னலத் திறக்குறதே இல்ல. நீ கட்டு.

— காலையில திறந்து வச்சுட்டு நின்னியே. துணி காயப்போடயில பார்த்தேன்.

— ...போறதுக்கு முன்னாடி கொஞ்சம் நின்னுக்கலாம்னு தோணுச்சு.

— எங்க போற?

— பொங்கோலுக்கு, மகன் வீட்டுக்கு. ரித்திக் கூடவே வந்து இருங்கம்மாங்குறான். முட்டி வேற இந்தப் படிய ஏற மாட்டேங்குது. வீட்ட விக்கப் போறேன். ஒருத்தர் வந்து பார்த்துட்டுப் போயிட்டாரு.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

— அதான் இப்ப சொல்றேன். அவருக்கு இன்னும் வாக்குக் குடுக்கல. விக்கிறதா இருந்தா பக்கத்து வீட்டுக்காரங்களத்தான் முதல்ல கேக்கணும்னு உங்க அத்தா சொல்லுவாரு. கேக்குறேன். நீ வாங்கிக்கிறியா?

— இந்த வீட்ட வாங்க எனக்கு ஏது சுந்தரி வசதி?

— தெரியும்டி. ஆனா நீ வேணாம்னு சொன்னாத்தான் நான் வெளியாளுக்குக் குடுக்க முடியும். சொல்லிடு.

— நான் பதிலே சொல்லாட்டி, நீ போக முடியாதுல்ல?