குடல் புண்ணு என்று சொன்னோம்

– நேத்து சாயங்காலம் தூசி தட்டி, மானிட்டரத் தொடச்சி, "ஆன் ஆவுதா பாரு சேவியரு"ன்னு தான உன் கையில குடுத்தேன்? இன்னா பண்ணி வெச்சிருக்க இத?

– இப்ப ஆன் ஆவுது தான அண்ணி, மொதல்ல அதுக்கு சந்தோசப்படுங்க. விண்டோஸ் மொத்தமா செத்துப் போயிருந்துச்சி. பார்மட் அடிச்சிப் புதுசா போட்டேன். பதினஞ்சு வருசத்து மிஷினு. இதத் தூக்கிக்குனு போனதுக்கே எங்க கடையில எல்லாரும் சிரிச்சாங்க.

– சிரிக்கட்டும். வில்லியனூரு சுத்துல எந்த வூட்ல சாவு வுழுந்தாலும் உங்க அண்ணன் இதுல தான் நோட்டீஸ் அடிச்சிக் குடுத்தாரு. பார்மட் அடிக்கிறதுக்கு முன்ன என்னை ஒரு வார்த்த கேட்டியா நீ?

– டி டிரைவுல கையே வைக்கல. அண்ணனோட பைலு எல்லாம் பத்திரமா இருக்கு. தோ பாருங்க, 'அன்னா'ன்னு உங்க பேருல ஒரு ஃபோல்டர். உள்ள ஒரே ஒரு பைலு.

– தொற. அதுக்குத் தான் குடுத்தேன். கஞ்சி எடுத்துக்குனு உள்ள வந்தா போதும், டக்குனு அத மூடிடுவாரு. எனக்கு எதுனா எழுதி வெச்சிருப்பாரு. அவரு போயி நாப்பது நாளா அதத் தொட எனக்குக் கை வரல.

– தொறந்துட்டேன். அண்ணி, இது வந்து...

– இன்னாடா இது? இங்கிலீஷ் எழுத்தும் கோடும் புள்ளியுமா கொட்டிக் கெடக்கு?

– தமிழ் ஃபாண்ட் போயிடுச்சி. அது சி டிரைவுல இருந்துச்சி, பார்மட்ல அழிஞ்சிடுச்சி. நெட்ல தேடிட்டேன். சிடியில வித்த ஃபாண்ட் அது. அந்தக் கம்பெனியே இப்ப இல்ல.

– அந்த சிடி எங்க?

– எனக்கெப்படித் தெரியும்? அண்ணனத் தான் கேக்கணும்.

– கேளு! போயி கல்லறையில நின்னு கேளு!

– நல்லதுன்னு நெனச்சித் தான அண்ணி செஞ்சேன்.

– உனக்கு எல்லாமே நல்லது தான். ஏப்ரல் மாசம், டாக்டரு ரூம வுட்டு வெளிய வந்ததும் இன்னா சொன்ன? "கேன்சருன்னு சொல்லாதீங்க அண்ணி, அண்ணன் தாங்கமாட்டாரு. குடல் புண்ணுன்னு சொல்லுங்க." அதுவும் நல்லதுக்குத் தான? நாலு மாசம் அந்த மனுசன் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ல வெச்சியே!

– நான் மட்டுமா சொன்னேன்? நீங்க தான பக்கத்துலயே இருந்தீங்க? ஒரு நாளு வாயத் தொறந்திருக்கலாமில்ல? இப்ப மொத்தப் பழியும் என் தலையிலயா?

– தொறந்தேன்டா. "டாக்டரு இன்னா சொன்னாரு அன்னா"ன்னு அவரே கேட்டாரு. தொண்ட வரைக்கும் வந்துச்சி. நீ வாங்கின சத்தியம் தடுத்துச்சி. "குடல் புண்ணு தான், காரம் ஆவாதாம்"ன்னேன். "அப்ப மீன் கொழம்பு அவ்ளோ தானா?"ன்னு சிரிச்சாரு. எதுக்கு சாவுறோம்னே தெரியாம போயிட்டாரு. தெரிஞ்சிருந்தா எனக்கு ஒரு வார்த்தையாவது சொல்லிட்டுப் போயிருப்பாரு.

– அழாதீங்க அண்ணி. பாண்டியில பழைய பிரஸ் எதுலனா அந்த ஃபாண்ட் இருக்கும். ரெண்டு நாளு குடுங்க.

– ஒன்னும் வேணா. எனக்குப் பொடி எழுத்து தெரியல, நீ படி. அங்க இருக்கிறத ஒவ்வொரு எழுத்தாப் படி.

– இதப் படிச்சி இன்னா ஆவப் போவுது?

– படிடா!

– நடுவுல பெருசா ஒன்னு இருக்கு. ஜி. எச்சு. அப்புறம் ஒரு சதுர பிராக்கெட், மூடுறது. செமிகோலன். எஃப். ஒய். செமிகோலன்.

– ப. கால். ஸ. புள்ளி. க. ல. புள்ளி. பாஸ்கல்.

– அண்ணி! எப்பிடி இது?

– திருக்கனூர்ல ரெண்டு வருசம் தமிழ் டைப்ரைட்டிங் போனவடா நான். உங்க அண்ணனுக்கு இந்தக் கீபோர்ட கத்துக் குடுத்ததே நான் தான். எந்தக் கீயில எந்த எழுத்துன்னு என் வெரலு சொல்லும். நவுரு. எழுத்தப் பெருசு பண்ணு, நானே படிச்சிக்கிறேன்.

– பண்ணிட்டேன். பாருங்க.

– "கண்ணீர் அஞ்சலி. பாஸ்கல். வயது ஐம்பத்தொன்பது." சாவு நோட்டீஸுடா இது. "இறைவனில் இளைப்பாறியது"... அப்புறம் வெறும் புள்ளி புள்ளியா வுட்டிருக்காரு. தேதி போடல.

– அண்ணனுக்கு அண்ணனேவா அடிச்சிக்கினாரு?

– "கண்ணீருடன், மனைவி அன்னாமேரி. தம்பி சேவியர்ராஜ்."

– என் பேரா? நல்லாப் பாருங்க அண்ணி.

– உன் பேரு தான். இரு, கீழ இன்னும் இருக்கு. "அன்னா, எப்பவும் போல தப்பு பாத்துடு. தேதிய நீ போட்டுக்க. நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. நீ தாங்கமாட்ட."

– அய்யோ, அண்ணா...

– தெரிஞ்சிருக்குடா அவருக்கு! மீன் கொழம்பு கேட்டுச் சிரிச்சாரே, எல்லாம் தெரிஞ்சிக்கினு சிரிச்சிருக்காரு! என்னை முட்டாளாக்கி உக்கார வெச்சிட்டுப் போயிட்டாரு. ரெண்டு பேரும் அண்ணன் தம்பி தான்டா, ஒரே புத்தி!

– ஏப்ரல்ல டாக்டரு நம்மகிட்ட சொன்னதுக்கு அப்புறம், ஆஸ்பத்திரி சீட்டு எதுனா கண்ல பட்டிருக்கும் அண்ணி. சாவுறதுக்குக் கொஞ்ச நாளு முன்ன அடிச்சிருப்பாரு.

– கடைசியில அவரால உக்காரவே முடியல, எங்க அடிக்கிறது? எப்ப அடிச்சாருன்னு இதுல தெரியுமா? இல்ல, அதையும் அழிச்சித் தொலைச்சிட்டியா?

– அது அழியாது. எழுத்து தான் போயிருக்கு. கடைசியா சேவ் பண்ண தேதி அப்பிடியே தான் இருக்கும்.

– பாரு.

– பாத்துட்டேன்.

– பாத்தா சொல்லேன், வாயில இன்னா வெச்சிருக்க?

– ஜனவரி பதினொன்னு அண்ணி. காலையில ஆறு பத்து.