என் அண்ணன் காலைப் பார்த்தது பற்றி

பெயர் லாவினியா மோவாலா. வயது நாற்பத்தாறு. வவாவு தீவில் நெயாஃபுவில் குடியிருக்கிறேன். குடும்ப டாக்டர். நோய் முற்றியபின் வைத்தியம் பார்ப்பதைவிட, முற்ற விடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஊரில் சர்க்கரை உள்ள எல்லார் காலையும் வருடாவருடம் பார்த்துவிடுவேன், என் மேல் போலீஸில் புகார் கொடுத்திருக்கும் கூடப்பிறந்த அண்ணன் செமிசியின் காலைத் தவிர. எங்கள் வழக்கப்படி அண்ணன் உடம்பைத் தங்கை பார்க்கக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது.

சென்ற ஞாயிறு தேவாலயத்தில் அவர் செருப்பு பட்ட இடமெல்லாம் ஈரமாக இருந்ததைக் கண்டேன். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மண்ணுக்குள் கல்லைச் சுடவைத்துச் சமைக்கும் அடுப்பின் கல்லை மிதித்தும் தனக்குச் சுடவில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார். எங்கள் நர்ஸை அனுப்பினேன், திட்டித் துரத்திவிட்டார். அதன் பிறகு மறுநாள் காலை நானே அவர் வீட்டுக்குப் போனேன்.

"டாக்டரா வந்தியா, தங்கச்சியா வந்தியா?" என்றார்.

"ரெண்டும் இல்லண்ணே. உங்க பொண்ணுங்களுக்கு அத்தையா வந்திருக்கேன்."

எங்களிடையே அத்தை சொல்லைப் பிள்ளைகள் தட்டக் கூடாது, தகப்பனும் குறுக்கே வரக் கூடாது. நான் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, மூத்தவளிடம், "சேலா, உங்கப்பா செருப்பைக் கழட்டுடி" என்றேன்.

கழற்றினாள். "அத்தை, பெருவிரலுக்கு அடியில குழி விழுந்திருக்கு. சுத்தி கறுப்பா இருக்கு."

"அழுத்திப் பாரு. வலிக்குதான்னு கேளு."

"இல்லையாம். சிரிக்கிறாரு."

வலிக்காததுதான் ஆபத்து, நரம்பு செத்திருக்கிறது. அதன் பிறகு நான் திரும்பினேன். பார்த்தேன். கையாலும் தொட்டேன். இதை யாரும் என் வாயைப் பிடுங்கிச் சொல்ல வைக்கவில்லை. அவர் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு, "மானத்த வாங்கிட்டியேடி" என்று அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே அவர் மகள்கள் மூவரையும் வைத்து அவரைப் பாயோடு தூக்கி வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். வரமாட்டேன் என்று அவர் வழியெல்லாம் கத்தியது உண்மை. அங்கே காலைப் பார்த்துவிட்டு டாக்டர்கள் சொன்னதைக் கேட்டபின், விரலை எடுக்கச் சம்மதித்தது அவரேதான். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும்.

புகாரை நான் மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கமாட்டேன். இனி அவர் காலையும் வருடாவருடம் பார்ப்பேன். வழக்கு நடக்கட்டும், அண்ணன் கூண்டில் ஏறி என் மேல் சாட்சி சொல்லட்டும். அவருக்கு நாற்காலி போட வேண்டாம். நிற்பதற்கு இரண்டு காலும் இருக்கின்றன.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான், உண்மைதான்.

(ஒப்பம்) லாவினியா மோவாலா