வாழைக்குப் பின்னால் நின்ற மாப்பிள்ளை

ஐயா, எழுத்து கோணலாகவும் வரி மேலும் கீழுமாகவும் போவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வருஷம்தான் எழுதக் கற்றேன். ஸ்டேஷன் ரைட்டர், "பெருவிரல வச்சா போதும்லா பெரியவரே, நான் எழுதிக்கிறேன்" என்றார். நான்தான் காகிதத்தைக் கேட்டு வாங்கினேன்.

என் பெயர் அய்யாக்கண்ணு. வயது அறுபத்திரண்டு. டத்தோ கிராமாட்டில் குடியிருந்து, மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறேன். லாக்கப்பில் இருப்பவர் திருநாவுக்கரசு. என் மகள் புஷ்பவள்ளியின் புருஷன். துறைமுகக் கிட்டங்கியில் வேலை. இவ்வளவு நீளமான பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

சென்ற வருஷம் தலைதீபாவளிக்கு வந்தவர், காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "மாமா, நேத்து மழையில மாடு நனஞ்சிருச்சா?" என்று கேட்டார். பாலில் தண்ணீர் என்று அர்த்தம். நான், "கிட்டங்கியில மூட்டை ஓட்டை போடுற கூட்டம் என் பாலைப் பத்திப் பேசுதா?" என்றேன். அவர் இலையிலிருந்து எழுந்து, இனி இந்த வாசற்படியை மிதிப்பதில்லை என்று சொல்லிப் போய்விட்டார்.

அதன் பிறகு, ஏழாம் மாதத்தில் மகளைத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அதன் பிறகு, அவர் சாயங்காலம் வேலை விட்டதும் கொல்லைப்பக்கம் வந்து வாழைக்குப் பின்னால் நிற்பார். ஜன்னலில் வள்ளியின் முகம் தெரிந்தால் போய்விடுவார். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் மனைவி வடிவம்மாள் மதில்மேல் ஒரு குவளை காப்பி வைத்து, "பூனைக்கு" என்பாள். பூனைக்கு எதற்கு இத்தனை சர்க்கரை என்று மட்டும் நான் கேட்டதுண்டு.

இன்று சாயங்காலம் நான் சங்கத்தில் நடக்கும் எழுத்து வகுப்புக்குப் போயிருந்தபோது மகளுக்கு வலி கண்டது. மருத்துவச்சி சலேஹா வந்தாள். மகள் கத்திய சத்தம் கேட்டு அவர் வாழையை விட்டு ஜன்னலடிக்கு ஓடி வந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஹபீபா பீவி அதைப் பார்த்து, "யம்மா, எவனோ வாழைக்குள்ள பதுங்கிக் கெடந்தான்!" என்று கூவினார். அந்த அம்மா மேல் குற்றமில்லை. போலீஸ்காரர் வந்து மாப்பிள்ளையைப் பிடித்தார்.

என் மனைவி கதவோரம் வந்து, "எங்க மாப்பிள்ளைங்க" என்றாள். போலீஸ்காரர் பெயர் கேட்டார். மாப்பிள்ளையின் பெயரை மாமியார் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். உள்ளே மகளைக் கேட்டதற்கு, "அவங்கதான், அவங்கதான்" என்று அழுதாள். புருஷன் பெயரை அவளும் சொல்லமாட்டாள். "பேரு தெரியாத மாப்பிள்ளையா?" என்று போலீஸ்காரர் சிரித்து அவரையே கேட்க, அந்த வீம்புக்காரர், "இந்த வீட்டுக்கும் எனக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல" என்றிருக்கிறார். உடனே போலீஸ்காரர் அவரை இங்கே கூட்டி வந்துவிட்டார்.

அவர் பதுங்கியிருந்தார் என்று புகாரில் எழுதியிருப்பதை ரைட்டர் வாசித்துக் காட்டினார். பதுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். என் கோழிக்கூண்டுக்குக் கீழே மரநாய் பதுங்கும். மூச்சுச் சத்தம்கூட வராது. கோழி தலையை நீட்டியதும் பாயும். இவர் வந்ததும் இருமுவார், மகளுக்குக் கேட்கட்டும் என்று. மழை நாளில் குடையை விரித்துக்கொண்டு நிற்பார். குடை பிடித்துக்கொண்டு யாராவது பதுங்குவார்களா, ஐயா? யார் மேல் பாய்வதற்கு?

அதன் பிறகு நான் வீட்டுக்கு வந்து விஷயம் அறிந்து, பிள்ளையின் அழுகுரலைக் கேட்டுவிட்டு, இங்கே ஓடி வந்தேன். கம்பிக்குப் பின்னாலிருந்து அவர், "மாமா, வள்ளி எப்படி இருக்கா?" என்றார். தீபாவளிக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு. தாயும் பிள்ளையும் சுகம் என்றேன்.

"ஆணா, பொண்ணா மாமா?"

"அத வீட்டுக்குள்ள வந்து பாருங்க மாப்ளே. கொல்லையில நிக்கிறவங்களுக்குச் சொல்றதில்ல."

அவர் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "வரேன் மாமா" என்றார். அது இரண்டு போலீஸ்காரர்களுக்கும் கேட்டது. என்ன பிள்ளை என்று இதிலும் நான் எழுதவில்லை. எழுதினால் ரைட்டர் அவரிடம் சொல்லிவிடுவார்.

அவரை இன்றே என்னோடு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். நான் கண்டதையும் வீட்டார் சொல்லக் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். அடுத்த வாரம் பிறப்பைப் பதிய இதே ஸ்டேஷனுக்கு வருவேன். அன்றும் நானே எழுதுவேன். தகப்பன் பெயரை எழுதும்போது அந்தத் தகப்பன் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நிற்கவேண்டும்.

அய்யாக்கண்ணு
பினாங்கு, 1934 ஆகஸ்டு